சுண்ணாம்புச் சிலுவையின் நடுப்பகுதி

லிஃப்ட் கதவு திறந்ததும் எர்மெலிந்தாவை எர்மெலிந்தாவே வரவேற்றாள். ஆளுயர அட்டை எர்மெலிந்தா. கழுத்தைச் சுற்றிப் பூத்தையல் போட்ட வெள்ளைச் சட்டை, காதில் பெரிய வளையம், யாரோ சொன்ன நகைச்சுவைக்கு நடுவிலேயே நிறுத்தி வைத்த சிரிப்பு. சட்டையும் வளையமும் கம்பெனி கொடுத்தவை. படம் எடுத்து முடித்ததும் ஒரு பெண் வந்து எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். அட்டையின் இடுப்புக்குக் கீழே நாலு வண்ணத்தில் எழுதியிருந்தது: 'என் மத்ரீனா எனக்கு இரண்டாவது தாய். நெருக்கடியிலும் நிதானமாக இருக்க அவரிடம்தான் கற்றேன்.'

முதல் வாக்கியம் அவள் சொன்னது. இரண்டாவதை அவள் சொல்லவில்லை. பேட்டி எடுத்த பெண், மத்ரீனாவிடமிருந்து, அதாவது ஞானத்தாயிடமிருந்து, என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டபோது, "கோழி கழுத்தச் சத்தமில்லாமத் திருகக் கத்துக்கிட்டேன்" என்றுதான் சொன்னாள். அது அச்சுக்குப் போகும் வழியில் நெருக்கடியாகவும் நிதானமாகவும் ஆகிவிட்டது.

மூன்று வாரமாக அவள் இந்த அட்டையைத் தாண்டித்தான் தன் இருக்கைக்குப் போகிறாள். முதல் இரண்டு நாள் கூச்சமாக இருந்தது, பிறகு தண்ணீர்க் குடத்தைத் தாண்டுவதுபோல ஆகிவிட்டது. இன்று நின்றாள். அட்டைக்காரியின் முகத்தைப் பார்த்தாள். இவளுக்கு இன்னும் தெரியாது என்று தோன்றியது. இவளிடம் யாரும் சொல்லவில்லை.

நேற்று, திங்கள் சாயங்காலம், மத்ரீனாவின் மகன் செலெதோனியோ ஊரிலிருந்து போன் செய்தபோது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. அது வெங்காயத்துக்கு உரியது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"எர்மே, அம்மா போயிட்டா" என்றான் அவன். "மத்தியானம் சாப்டுப் படுத்தவ. காப்பிக்கு எழுப்பப் போனா எந்திரிக்கல."

"சாப்டாங்களா?"

"நல்லாத்தான் சாப்டா. அவரைக்காய்." அவன் மூச்சு வாங்கினான். "நாளைக்கு எடுக்கறோம். ஒம்பதாம் நாளு அடுத்த புதன். சிலுவையத் தூக்கறதுக்கு ஆள் யார் யாருன்னு அவளே சொல்லி வச்சிட்டுப் போயிருக்கா. தலைக்கு எங்க மாமா. ரெண்டு கைக்கு ரெண்டு மருமகளுங்க. காலுக்கு நான். நெஞ்சு உனக்கு."

"சரி."

"சரின்னா வரியா?"

"சரி" என்றாள் மறுபடி. பிறகு மீதி வெங்காயத்தையும் நறுக்கி முடித்தாள்.

சவப்பெட்டி இருந்த தரையில் சுண்ணாம்புப் பொடியால் சிலுவை போடுவார்கள். ஒன்பது நாள் அதைச் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார்கள். ஒன்பதாம் நாள் காலை, பெயர் சொல்லப்பட்ட ஐந்து பேர் ஐந்து பகுதியாக அதைப் பூவால் கூட்டி அள்ளிச் சின்னப் பெட்டியில் போட்டுக் கல்லறையில் கொண்டு சேர்ப்பார்கள். அதுவரை செத்தவர் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. அவர் பெயர் சொல்லாத ஒரு கை அந்தப் பொடியைத் தொடக்கூடாது. இதற்கெல்லாம் எங்கேயும் எழுத்து கிடையாது. அதனால் யாரும் இதுவரை மீறியதும் இல்லை.

எர்மெலிந்தாவுக்கு நாலு வயதில் அவளைப் பெற்றவள் வேலை தேடி எல்லை தாண்டி வடக்கே வந்துவிட்டாள். பதினேழு வயதுவரை ஞானத்தாய் கிரெசென்சியாதான் அவளுக்குப் பேன் பார்த்தது, நீல எனாமல் பேசினில் தலைகுளிக்க வைத்தது, வயதுக்கு வந்தபோது துணி கிழித்துக் கொடுத்தது. இரண்டாவது தாய் என்று அட்டையில் போட்டிருப்பது ஒரு மரியாதைக் கணக்கு. வரிசைப்படி பார்த்தால் முதல்.

அவள் இருக்கைக்குப் போய் ஹெட்செட்டை மாட்டினாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையில் 'எர்மெலிந்தா' என்று முழுப் பெயர். வருடத்தில் பதினோரு மாதம் அவள் லிந்தா. அப்படித்தான் எல்லோருக்கும் வாயில் வருகிறது. செப்டம்பர் பதினைந்திலிருந்து அக்டோபர் பதினைந்துவரை, ஸ்பானிஷ் வழிவந்தவர்களைக் கொண்டாடும் பாரம்பரிய மாதத்தில் மட்டும், புதிய அட்டை அடித்துக் கொடுப்பார்கள். பதினாறாம் தேதி காலை மறுபடி லிந்தா.

"என்னடியம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார் பக்கத்து இருக்கை வாஷிங்டன் பெரெய்ரா. அவர் உருகுவேக்காரர். அந்த ஊரில் பிள்ளைகளுக்கு வாஷிங்டன் என்று பெயர் வைப்பது சர்வ சாதாரணம். இங்கே விச்சிட்டாவில் ஒருவரும் நம்புவதில்லை. போன வருடம் விழாக் குழு அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இங்கே யாரும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள், உங்கள் உண்மையான பெயரைத் தைரியமாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டது. அவர் வாஷிங்டன் என்றார். குழுவிலிருந்த ஒரு பெண் கண் கலங்கிவிட்டாள்.

"தூக்கமில்ல."

"எனக்கும்தான். விருந்துக்குக் காரச் சட்னி கொண்டாரணுமாம் நான். எங்க ஊர்ல மொளகாயப் பாத்தாலே போலீசுக்குச் சொல்லுவாங்க. போன வருசம் தலையில அந்தக் கூடைத் தொப்பிய வச்சாங்க, பொறுத்துக்கிட்டேன். அதுக்கு முந்தின வருசம் டான்ஸ் ஆடச் சொன்னாங்க, முட்டிவலின்னேன். இந்த வருசம் வயித்துலயே கை வக்கிறாங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு சரியான நேரத்துக்கு வந்து, சரியான நேரத்தில் முடிந்ததை அவளே கவனித்தாள்.

அவர்கள் இருவரும் ஸ்பானிஷ் பேசும் வாடிக்கையாளர்களுக்கான பிரிவு. மருத்துவக் காப்பீட்டில் யார் யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக்கூடாது என்று சொல்வது வேலை. பட்டியலில் ஆறு உறவுகள். கணவன் மனைவி, பெற்ற பிள்ளை, தத்துப் பிள்ளை, துணையின் முந்தைய மணத்துப் பிள்ளை, நீதிமன்றம் ஒப்படைத்த பிள்ளை, சில சமயம் பெற்றோர். அதோடு முடிந்தது உலகம். பதினோரு வருடமாக எர்மெலிந்தா அந்த வேலியின் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று காலை மூன்றாவது அழைப்பு டாட்ஜ் சிட்டியிலிருந்து. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஆள். பின்னால் கன்வேயர் ஓடும் சத்தம்.

"பையன் கை ஒடஞ்சிருச்சு தாயி. என் பேர்ல சேத்துடணும்."

"உங்க பையனா?"

"என் ஞானமகன். அவங்கப்பன் என் கூட்டாளி, ஜெயில்ல இருக்கான். அஞ்சு வருசமா என்கிட்டதான் இருக்கான்."

"கோர்ட் பேப்பர் எதாச்சும் இருக்கா?"

"கோவில் பேப்பர் இருக்கு. ஞானஸ்நானம் பண்ணினது."

"அது போதாதுங்க."

"சாமி முன்னாடி நின்னு வாங்கிக்கிட்ட புள்ளையம்மா."

எர்மெலிந்தா திரையைப் பார்த்தாள். திரையில் பார்க்க எதுவும் இல்லை. பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னாள். "தங்களின் இந்தக் கடினமான தருணத்தில் நாங்கள் முழுமனதுடன் தங்களோடு இருக்கிறோம். தங்கள் பொறுமைக்கு நன்றி."

ஆள் "நல்லாப் பேசுறீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கிண்டலா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

அந்த வாக்கியம் எர்மெலிந்தாவுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆங்கிலத்தில் ஒரு தாளைக் கொடுத்து, இல்லை என்று சொல்வதற்கு முன்னும் பின்னும் சொல்லவேண்டிய ஆறுதல் வாக்கியங்களை ஸ்பானிஷில் மாற்றித் தரச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் 'முழுமனதுடன்' இல்லை. அவள்தான் போட்டாள். கிரெசென்சியா தட்டில் இரண்டாவது சோள ரொட்டியைப் போடும்போது, முழு மனசோட போடுறேன், முழு மனசோட சாப்பிடு என்பாள். அந்தச் சொல் அங்கிருந்து வந்தது. மேலாளர் வாசித்துப் பார்த்து, ரொம்ப மென்மையாக இருக்கிறது என்று பாராட்டி அவளுக்குக் காப்பிக்கடை அட்டை ஒன்று பரிசளித்தார். இன்றைக்கு ஐந்து மாநிலங்களில் ஸ்பானிஷில் இல்லை என்று கேட்பவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லோடு சேர்த்தேதான் கேட்கிறார்கள்.

மதிய இடைவேளையில் அவள் மனிதவளப் பிரிவுக்குப் போனாள். போகும் வழியில் சாப்பாட்டு மேஜைகள்மேல் முக்கோணமாக மடித்து வைத்த அட்டைகள். 'உங்களுக்குத் தெரியுமா? லத்தீன் குடும்பங்களில் ஞானத்தாய் என்பவர் தாய்க்குச் சமமானவர்!' அதற்கடியில் ஒரு கள்ளிச்செடி. ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். எதற்கு எடுத்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

யெசேனியா இருபத்தொன்பது வயதுப் பெண். விச்சிட்டாவிலேயே பிறந்தவள், அப்பா எல்லைக்குத் தெற்கே துராங்கோ, அம்மாவும் துராங்கோ, இவளுக்கு மட்டும் துராங்கோ ஒரு வெப்பமான விடுமுறை. மனிதவளப் பிரிவில் ஸ்பானிஷ் பெயர் உள்ளவள் இவள் ஒருத்தி என்பதால் பாரம்பரிய மாத விழாக் குழுவின் தலைமை இவள் தலையில் விழுந்திருந்தது. மேஜை முழுக்க வண்ணக் காகிதத் தோரணம், பெரிய கத்தரிக்கோல். இவள் நல்லவள். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

"வாங்கக்கா, வாங்க! நம்ம ஸ்டார்! நம்ம துணைத்தலைவர் கிரெய்க் உங்க போட்டோவ சிகாகோ தலைமை ஆபீசுக்கே அனுப்பிட்டாராம். உக்காருங்க."

எர்மெலிந்தா உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். மூன்று நாள் வேண்டும். அக்டோபர் ஒன்றிலிருந்து வருட இறுதிக் காப்பீட்டுப் பதிவுக் காலம். ஜனவரி நடுவரை யாருக்கும் லீவு கிடையாது. சாவு லீவு மட்டும் விதிவிலக்கு. அதைத்தான் கேட்கிறாள்.

யெசேனியா கத்தரிக்கோலை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிஜமாகவே கலங்கியது. எர்மெலிந்தா அந்தக் கண்ணீரை ஒருவிதப் பொறாமையோடு பார்த்தாள். பொறாமை என்றுகூடச் சொல்ல முடியாது. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அடுத்தவருடைய பஸ் வந்துவிடுவது போல.

"அந்த மத்ரீனாவா? போஸ்டர்ல இருக்கறவங்க?"

"போஸ்டர்ல நான்தான் இருக்கேன். சொல்லியிருக்கறது அவங்களப் பத்தி."

யெசேனியா விசைப்பலகையைத் தட்டினாள். உறவு என்ற இடத்தில் கீழே விழும் பட்டியலை இரண்டுதரம் மேலும் கீழும் உருட்டினாள். பட்டியலில் என்ன இருக்கிறது என்பது எர்மெலிந்தாவுக்கு மனப்பாடம். வேறு மாடி, அதே வேலி.

"ஞானத்தாய்னு இல்லக்கா."

எர்மெலிந்தா கையிலிருந்த முக்கோண அட்டையை மேஜைமேல் நிறுத்தினாள். கள்ளிச்செடி யெசேனியாவைப் பார்த்தது.

"அது..." யெசேனியா தயங்கினாள். "அது விளம்பரப் பிரிவு எழுதினதுக்கா. இது பாலிசி. ரெண்டும் வேற வேற சர்வர்."

"தெரியும்."

யெசேனியா கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு பண்ணலாம். அம்மான்னே போட்டுடறேன். நான் ஒண்ணும் கேக்கல, நீங்க ஒண்ணும் சொல்லல. சரியா?" அழுத்தினாள். கணினி ஒரு சிவப்பு வரியைக் காட்டியது. யெசேனியா அதை வாசித்தாள், பிறகு தனக்குள் இன்னொருமுறை வாசித்தாள். "இது... அம்மா ஏற்கெனவே எடுத்தாச்சுங்குது. ஆறு வருசம் முன்னாடி."

"ஆமா. அம்மா செத்தப்ப மூணு நாள் குடுத்தீங்க."

"ரெண்டாவது வாட்டி எடுத்துக்காது போல."

"எடுத்துக்காது. ஒரு ஆளுக்கு ஒரு அம்மா, ஒரு சாவு."

அதைச் சொன்ன விதத்தில் எர்மெலிந்தாவே அந்தக் கணினிக்காகப் பேசுவதுபோல இருந்தது. யெசேனியா விடவில்லை. "மாற்றாந்தாய்னு ஒண்ணு இருக்குக்கா! உங்கப்பா எப்பவாச்சும் அவங்கள..."

"எங்கப்பாவ நான் பாத்ததே இல்ல. அவரு எத்தனை பேரக் கட்டினாருன்னு நான் எங்க போய்க் கேக்கறது? அப்படியே போட்டாலும் கல்யாணப் பத்திரம் கேக்கும். முப்பது நாளுக்குள்ள. மொழிபெயர்ப்போட."

"எப்படிக்கா இதெல்லாம் தெரியும்?"

"தெனம் பத்துப் பேருக்குச் சொல்றேன்."

யெசேனியா தோரணத்தின் மடிப்பை விரலால் நீவினாள். பச்சைக் காகிதத்தில் பாதி வெட்டிய பறவை. சொல்லாமல் போனால் என்னவாகும் என்று எர்மெலிந்தா கேட்கவில்லை. லீவு இல்லாத காலத்தில் தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் தானே வேலையை விட்டதாக எடுத்துக்கொள்ளப்படும். வேலை போனால் காப்பீடு போகும். காப்பீடு போனால் எஃப்ராயினின் முதுகெலும்பில் மாதாமாதம் போடும் ஊசி போகும். கூரை வேயும்போது விழுந்த கணவன், ஊசி போட்ட இரண்டு வாரம் நடப்பான், அடுத்த இரண்டு வாரம் சுவரைப் பிடித்து நடப்பான். காலையில் அவன், "போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றான், சுவரைப் பிடித்துக்கொண்டு. அவள் சரி என்றாள். அவன் சொன்னதை அவன் நம்பவில்லை, அவள் சொன்னதை அவளும் நம்பவில்லை. இருவரும் காப்பி குடித்தார்கள்.

யெசேனியா அதுவரை ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது நாற்காலியை முன்னால் இழுத்து, எர்மெலிந்தாவின் கையை எடுத்துத் தன் இரு கைக்குள் வைத்துக்கொண்டு, முகம் சிவக்க, ஸ்பானிஷுக்கு மாறினாள். இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்ற முயற்சி நெற்றியில் தெரிந்தது. வீட்டில் ஸ்பானிஷ் பேசாத பிள்ளை, ஸ்பானிஷை ஒழுங்காகக் கற்றது இந்தக் கம்பெனியில்தான், பயிற்சித் தாளை வைத்து.

"தங்களின் இந்தக் கடினமான தருணத்தில்" என்றாள் யெசேனியா, ஒவ்வொரு சொல்லாக, "நாங்கள் முழுமனதுடன் தங்களோடு இருக்கிறோம்."

எர்மெலிந்தா காத்திருந்தாள்.

"தங்கள் பொறுமைக்கு நன்றி" என்று யெசேனியா முடித்தாள். கன்னத்தில் ஒரு துளி வழிந்து தோரணத்தில் விழுந்தது.

"நல்லாப் பேசுற" என்றாள் எர்மெலிந்தா.

அடுத்த ஒரு வாரமும் அவள் வேலைக்கு வந்தாள். எண்ணிப் பார்த்தால் எதுவும் குறையவில்லை. அழைப்புகளின் சராசரி நேரம் சற்றுக் குறைந்தே இருந்தது. அதற்காக மேலாளர் திரையில் ஒரு பச்சை நட்சத்திரம் அனுப்பினார். தினமும் சாயங்காலம் செலெதோனியோ போனைச் சன்னலில் சாய்த்து வைப்பான். பெண்கள் ஜெபமாலை சொல்லும் முணுமுணுப்பு வரும். தரையில் வெள்ளைச் சிலுவை, நாலு மூலையில் மெழுகுவர்த்தி. எர்மெலிந்தா சமையலறையில் நின்று பதில் பகுதியைச் சொல்வாள், நடுநடுவே அடுப்பைக் குறைப்பாள். வருகிறாயா என்று அவன் கேட்கவில்லை. வரவில்லை என்று அவளும் சொல்லவில்லை. அழுகை வரும், வரும்போது வரட்டும் என்று இடம் விட்டு வைத்திருந்தாள். ஐந்தாம் நாள் அந்த இடத்தில் துவைத்த துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

வாஷிங்டனுக்கு மட்டும் சொன்னாள். அவர் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அப்புறம், "இந்தக் கட்டடத்துல அம்மாங்கிறதுக்கு ஒரு கோட் நம்பர் இருக்கு, தெரியுமா உனக்கு? சைபர் நாலு" என்றார்.

"சைபர் மூணு. நாலு மாமியார்."

"பாரேன், மாமியாருக்குக்கூடக் குடுத்திருக்கான்."

புதன்கிழமை, பதினைந்தாம் தேதி, நிறைவு விழா. சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளை ஓரம் தள்ளி, தோரணம் கட்டி, ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு தீவின் பாட்டு. கருப்பொருள் 'குடும்பம்' என்று சுவரில் எழுதியிருந்தது, ஸ்பானிஷில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு வண்ணத்தில். அட்டை எர்மெலிந்தாவைக் கீழே கொண்டுவந்து மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். வழியில் எங்கோ லிஃப்ட் கதவில் சிக்கி முழங்கை மடங்கியிருந்தது. வாஷிங்டன் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய கேக்கை விலைச்சீட்டோடு மேஜையில் வைத்து, "எங்க பாட்டன் பூட்டன் காலத்து ஐட்டம்" என்றார். ஒரு பெண் அதைக் குறித்துக்கொண்டாள்.

துணைத்தலைவர் கிரெய்க் ஹோல்ம்ஸ்ட்ராம் மேடை ஏறினார். நல்ல உயரம், நல்ல பல். மாதம் முழுக்க அவர் தினம் ஒரு மடிப்புவைத்த லினன் சட்டையில் வந்திருந்தார், கரீபியன் கடற்கரையில் சுருட்டு விற்பவர்போல. குடும்பம் என்ற சொல்லை ஸ்பானிஷில் பதினொரு தடவை சொன்னார். வாஷிங்டன் விரல் விட்டு எண்ணினார், விரல் போதாமல் எர்மெலிந்தாவின் விரல் ஒன்றைக் கடன் வாங்கினார்.

"நம்ம எல்லாரையும்விட இந்த மாசத்தோட அர்த்தத்த வாழ்ந்து காட்டினவங்க ஒருத்தர் இருக்காங்க!" என்றார் கிரெய்க். அட்டையைக் காட்டினார். பிறகு கூட்டத்தில் ஆளைத் தேடினார். அட்டையில் இருப்பவளைக் கண்டுபிடிக்கச் சற்று நேரமாயிற்று. "எர்மெலிந்தா! வாங்க மேல! இந்த வருசத்தோட பாரம்பரியச் சுடர் விருது! அதோட இன்னொண்ணு. எங்களால முடிஞ்சதிலேயே பெரிய பரிசு. நேரம்!"

பளபளப்பான பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. 'முழுச் சம்பளத்துடன் ஒரு நாள் விடுப்பு. குடும்பத்தோடு கொண்டாடுங்கள்!' அடியில் எறும்பு எழுத்தில்: ஜனவரி பதினைந்துக்குப் பிறகு செல்லும்.

கைதட்டல். யெசேனியா கூட்டத்தின் ஓரத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்ரீனா பத்தி ரெண்டு வார்த்தை" என்று கிரெய்க் மைக்கை நீட்டினார். "உங்க அழகான பாஷையிலேயே சொல்லுங்க! எங்களுக்குப் புரியணும்னு இல்ல, மனசுக்குப் புரியும்!"

எர்மெலிந்தா மைக்கை வாங்கினாள். அது கிரெய்கின் கைச்சூட்டோடு இருந்தது. மணி பன்னிரண்டே கால். ஊரில் பதினொன்றே கால். இந்நேரம் சிலுவையைத் தூக்கியிருப்பார்கள். எதையும் சொல்லவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. வாய் திறந்தபோது சொல் இருந்தது. அழைப்புக்குப் பதில் சொல்லும் அதே குரலில், அதே வேகத்தில், ஸ்பானிஷில் சொன்னாள்.

"அவங்க பேரு கிரெசென்சியா. போன வாரம் திங்கக்கிழமை செத்துப்போனாங்க. இன்னிக்கி ஒம்பதாம் நாள். நான் அங்க இருக்கணும், இங்க இருக்கேன். கேட்டதுக்கு, பட்டியல்ல இல்லேன்னாங்க. நானும் அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன் பதினோரு வருசமா. சாப்புடுங்க. முழு மனசோட சாப்புடுங்க."

கூடம் அதிர்ந்தது. இருநூறு பேர் கைதட்டினார்கள், சிலர் விசிலடித்தார்கள். கூட்டத்தில் அங்கங்கே ஏழெட்டுப் பேர் மட்டும் கையைத் தட்டாமல் நின்றார்கள். துப்புரவுப் பிரிவின் இரண்டு பெண்கள், சரக்கு அறை ஆள், வாஷிங்டன், இன்னும் சிலர். கைதட்டும் கூட்டத்துக்கு நடுவே அவர்கள் நின்றது, வயலில் ஆங்காங்கே கம்பு நட்டதுபோல இருந்தது. யெசேனியா நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. 'முழு மனசோட' என்பது மட்டும் நிச்சயம் புரிந்திருக்கும்.

"அப்பப்பா!" என்றார் கிரெய்க், நெஞ்சில் கை வைத்து. "ஒரு வார்த்தை புரியல. ஆனா தொட்டுடுச்சு!"

பாட்டு மறுபடி தொடங்கியது. துப்புரவுப் பெண்களில் மூத்தவள் எர்மெலிந்தாவைத் தாண்டிப் போகும்போது நிற்காமலே அவள் தோளில் சிலுவை அடையாளம் வரைந்துவிட்டு, நிரம்பிய குப்பைப்பையைக் கட்டப் போனாள். யெசேனியா அலுமினியத் தாள் போட்டு மூடிய காகிதத் தட்டோடு வந்தாள். வாயைத் திறந்தாள். ஆங்கிலமும் வரவில்லை, தாளில் இருந்த ஸ்பானிஷும் வரவில்லை. தட்டை எர்மெலிந்தாவின் கையில் வைத்தாள்.

"கேக்குக்கா" என்றாள் கடைசியில். "வீட்டுக்கு."

இரண்டு மணிக்கு எர்மெலிந்தா இருக்கைக்குத் திரும்பினாள். தட்டு ஒரு பக்கம், விருது ஒரு பக்கம். திரையில் காத்திருக்கும் அழைப்புகள் பதினாறு. ஹெட்செட்டை எடுத்துக் கழுத்தில் போட்டபோது கைப்பேசி அதிர்ந்தது. செலெதோனியோ, படத்தோடு. அவள் ஒரு காதில் இயர்போனைச் செருகினாள்.

அவன் முகம் வெயிலில் வந்து நின்றது. புதுச் சட்டை, தாடியில் தூசி. "இப்பதான் கல்லறையிலேர்ந்து வரோம்."

"ஆச்சா?"

"தலை ஆச்சு. கை ரெண்டும் ஆச்சு. கால நான் அள்ளினேன்." அவன் நடந்துகொண்டே பேசினான், படம் ஆடியது. "நடுவு அப்படியே இருக்கு. யாரையாச்சும் அள்ளச் சொல்லுன்னு சாமியார் சொன்னாரு. எங்க மாமாவக் கேட்டேன், முடியாதுன்னுட்டாரு. மருமவ குனிஞ்சா, குனிஞ்சவ எந்திரிச்சிட்டா. அம்மா சொன்ன ஆள் இல்லாம யாரு தொடறது? விட்டுட்டோம்."

"விட்டுட்டீங்களா?"

"பின்ன என்ன பண்ண? நீ எப்ப வரியோ வா. அதுவரைக்கும் கெடக்கட்டும்."

"ஜனவரிக்கு மேலதான் செலெ."

கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். எதிர்பார்த்தாளா என்றுகூடத் தெரியவில்லை.

"அப்ப அதுவரைக்கும் அம்மா கெளம்ப மாட்டா" என்றான் அவன், வீட்டில் விருந்தாளி தங்கப்போவதைச் சொல்வதுபோல. "இருக்கட்டும். இருந்தவதானே. காத்துக்குப் பறக்காம மூடி வச்சிருக்கேன். கோழிங்கதான் தொந்தரவு. இரு, காட்டறேன்."

படம் உள்ளே போனது. இருட்டு, பிறகு கண் பழகியது. மெழுகுவர்த்திகளை எடுத்துவிட்டிருந்தார்கள். வெறும் மண் தரை, நாலு பக்கமும் சிலுவை இருந்த இடம் பூவால் கூட்டிய கோடுகளாக மங்கித் தெரிந்தது. நடுவில் கவிழ்த்து வைத்த நீல எனாமல் பேசின். விளிம்பில் எனாமல் உதிர்ந்த இடம் அவள் சிறுவயதில் பார்த்த அதே பிறை வடிவத்தில். யாரோ வெளியே செலெதோனியோவைக் கூப்பிட்டார்கள். "வரேன், வரேன்!" என்று அவன் போனைத் தரையிலேயே எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டுப் போனான். அணைக்க மறந்துவிட்டான்.

இந்தப் பக்கம் திரையில் காத்திருப்போர் பத்தொன்பது. முதல் எண் கார்டன் சிட்டி. வாஷிங்டன் தன் அழைப்பில் இருந்தபடியே அவளைப் பார்த்தார், பிறகு தன் பொத்தானை நோக்கிக் கையை நீட்டி, அவளுடைய அழைப்பையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எர்மெலிந்தாவின் கழுத்தில் ஹெட்செட் தொங்கியது. காதில் இயர்போன். வாசல் பக்கமிருந்து சாம்பல் நிறக் கோழி ஒன்று மெதுவாக உள்ளே வந்தது. ஆளில்லாத வீட்டில் நடப்பதுபோல நின்று, தலையைச் சாய்த்து, பேசினைச் சுற்றி ஒரு சுற்று வந்தது. பேசினுக்கடியிலிருந்து மெல்லிய வெள்ளைக் கோடு ஒரு பக்கம் கசிந்திருந்தது. கோழி அதைப் பார்த்தது. தொடவில்லை. பிறகு பேசினின் விளிம்பை ஒருமுறை கொத்தியது. டங் என்று ஒரு சத்தம். கோழி காத்திருந்தது, உள்ளேயிருந்து யாராவது பதில் சொல்வார்களா என்பதுபோல. மறுபடி கொத்தியது.